உயர்தரத்துக்கு முன்பே தவறிப்போகும் பொறியியலாளர்கள்

படுவான்கரையிலுள்ள பாடசாலை ஒன்றின் மண்டபத்தில் சென்ற வருடம் ஒரு வழிகாட்டல் கருத்தரங்கு நடந்தது. தரம் 9 முதல் 11 வரையான பிள்ளைகள் பாய் விரித்து வரிசையாக இருந்தார்கள். பொறியியற் பீடமொன்றில் மூன்றாம் வருடம் படிக்கும் இளைஞர் ஒருவர் திரையில் படங்களைக் காட்டிப் பேசினார். துபாயின் புர்ஜ் கலீஃபா, சீனாவின் அதிவேக ரயில், செவ்வாயில் ஊர்ந்து திரியும் வண்டி. பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். கேள்வி கேட்கலாம் என்றதும் மண்டபம் அமைதியானது. கடைசி வரிசையில் ஒரு தரம் 9 மாணவி மட்டும் எழுந்தாள்.

"அண்ணா, மண்முனைப் பாலத்தக் கட்டினது ஆரு?"

"அது ஜப்பான் உதவியில கட்டினது தங்கச்சி."

"நம்மட ஆக்கள் ஒருத்தரும் அதுல வேலை செய்யல்லையா?"

"செஞ்சிருப்பாங்க" என்றார் அவர், கொஞ்சம் தயங்கி. மண்டபம் சிரித்தது. அந்தப் பிள்ளை இருந்துவிட்டாள்.

நான் அங்கு செய்தி எடுக்கப் போயிருந்தேன். 'மாணவர்களுக்கான பொறியியல் வழிகாட்டல் கருத்தரங்கு சிறப்பாக நடைபெற்றது' என்று வழமையான ஐந்து வரிச் செய்தியை எழுதி, அதிபர் குத்துவிளக்கேற்றும் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். அந்தப் பிள்ளையின் கேள்வி செய்தியில் இல்லை. ஆனால் அன்று அங்கு நடந்தவற்றில் செய்தியென்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு, இப்படியான நிகழ்ச்சிகள் எங்கெங்கே நடக்கின்றன, யாருக்காக நடக்கின்றன, எந்தப் பிள்ளையைச் சென்றடைகின்றன என்று தேடத் தொடங்கினேன். எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எமது பிள்ளைகளுக்கு ஊக்கம் குறைவு என்று நினைத்துக்கொண்டு நாம் ஊக்கமூட்டிக்கொண்டிருக்கிறோம். குறைவாக இருப்பது ஊக்கம் அல்ல. நாம் பேசத் தொடங்கும் வயது பிந்திவிடுகிறது, பேசிவிட்டுத் திரும்பி வராமல் போய்விடுகிறோம்.

வாவியின் இரு கரைகள்

மட்டக்களப்பை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மட்டக்களப்பு வாவி வடக்கே பங்குடாவெளிப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கே கடலோரமாக ஓடும் ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. நகரம், பெரிய பாடசாலைகள், ரியூட்டரிகள், ஆஸ்பத்திரி, கந்தோர்கள் எல்லாம் பெரும்பாலும் எழுவான்கரையில். நெல்லும் பாலும் படுவான்கரையில்.

இரண்டுக்கும் இடையே போவதற்கு எம்மவர்கள் வைத்திருக்கும் சொல் 'பாதை'. வேறு ஊர்க்காரருக்கு பாதை என்றால் தெரு. எமக்கோ அது ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே, குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே பாதையில் போய்ப் படித்த தலைமுறைகள் உண்டு. மண்முனைத்துறையிலும் பாதைதான் இருந்தது. 2014 இல்தான் அங்கு பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய வருடம் கல்லடியில், ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்பட்டது. இரண்டும் ஜப்பானிய உதவி.

நான் படுவான்கரைப் பிள்ளை. 2004 டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதினேன். எழுதி முடித்த சில நாட்களில் சுனாமி. பெறுபேறு வந்தபோது கணிதத்தில் ஏ. எனது பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவு மட்டுமே இருந்தது. கணிதப் பிரிவு படிக்க வேண்டுமென்றால் வாவியைக் கடக்க வேண்டும். அக்காலத்தில் கடப்பதென்றால் பாதை மட்டுமல்ல, சோதனைச்சாவடிகளும்தான். வயதுக்கு வந்த பெண்பிள்ளையைத் தினமும் அந்த வழியால் அனுப்ப அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நகரத்தில் விடுதியில் விடக் காசு இல்லை. அதிபர் எனது படிவத்தில் கலைப்பிரிவு என்று தானே எழுதினார். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் கேட்க வேண்டுமென்று நினைக்கவில்லை. பிறகு ஊடகக் கற்கையில் பட்டம் எடுத்தேன். இந்தத் தொழில் எனக்குப் பிடித்தமானது. ஆனாலும் அது நான் எடுத்த முடிவல்ல என்பது இருபது வருடம் கழித்து அந்த மண்டபத்தில்தான் உறைத்தது.

கதவு எங்கே மூடுகிறது?

இலங்கையில் பொறியியலாளர் ஆவதற்கான பிரதான வழி உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவு. நாம் பேச்சில் மெத்ஸ் என்பது. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். அதில் பெறும் இசட் புள்ளியை வைத்துப் பேராதனை, மொறட்டுவை, றுகுணு, கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் போன்றவற்றுக்கு எடுக்கிறார்கள். வந்தாறுமூலையிலுள்ள எமது கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடம் இல்லை. அந்தப் பல்கலைக்கழக வாசலைத் தாண்டிப் போகும் மட்டக்களப்புப் பிள்ளை பொறியியல் படிக்க வடக்கே கிளிநொச்சிக்கோ தெற்கே ஒலுவிலுக்கோ போக வேண்டும்.

அனுமதி முறை பலரும் நினைப்பதுபோல முழுப் போட்டியல்ல. மொத்த இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைக்கேற்ப. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பு அந்தப் பதினாறில் ஒன்று. அதாவது எமது பிள்ளை எல்லா இடத்துக்கும் கொழும்புப் பிள்ளையோடு மோத வேண்டியதில்லை.

இந்த மாவட்ட முறைக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1970 களின் தொடக்கத்தில் பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 250, சிங்களமொழி மாணவருக்கு 227 என்று வெட்டுப்புள்ளி வைத்த தரப்படுத்தலைத் தமிழர் எவரும் மறக்கவில்லை. பொறியியல் என்ற சொல் எமது அரசியலில் காயமாகப் பதிந்த இடம் அது. பிறகு மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது யாழ்ப்பாணம் இழந்தது. மட்டக்களப்பு, மன்னார் போன்ற மாவட்டங்களுக்கு அதே ஒதுக்கீடு கதவைக் கொஞ்சம் திறந்தும் விட்டது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். உண்மை இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஆனால் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு வாவி தெரியாது. அதன் கணக்கில் மட்டக்களப்பு ஒரே மாவட்டம். நகரத்தில் நூறு வருடம் தாண்டிய பாடசாலையில் படித்து, மூன்று பாடத்துக்கும் ரியூசன் போன பிள்ளையும், உன்னிச்சைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வரும் பிள்ளையும் அதே இடங்களுக்குத்தான் போட்டி போடுகிறார்கள். மட்டக்களப்பு மேற்கு என்று படுவான்கரைக்குத் தனியான கல்வி வலயம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் அப்படியொரு வலயம் இல்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிள்ளை தவறிப்போவது உயர்தரத்தில் அல்ல. இலங்கைப் பாடசாலைகளில் 1ஏபி வகைக்கு மட்டுமே உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உண்டு. 1சி என்றால் கலை, வர்த்தகம் வரை. வகை 2 என்றால் தரம் 11 உடன் முடியும். கிராமத்துப் பிள்ளை கணிதப் பிரிவுக்குப் போவதென்றால் பாடசாலை மாற வேண்டும். மாறுவதற்கு சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி வேண்டும். அந்தச் சித்திக்கு அத்திவாரம் தரம் 8, 9 இல் அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் விளங்குவது. அந்த இரண்டு வருடத்தில் ஆறு மாதம் கணித ஆசிரியர் இல்லாமல் போனால், தரம் 11 இல் என்ன கருத்தரங்கு வைத்தும் பிரயோசனம் குறைவு. பதின்மூன்று பதினான்கு வயதில், சத்தமில்லாமல், 'எனக்கு மெத்ஸ் ஓடாது' என்று பிள்ளை தானே தீர்மானித்துவிடும். அந்தத் தீர்மானம் எந்தப் புள்ளிவிபரத்திலும் பதிவாவதில்லை.

எமது வழிகாட்டல்களில் பெரும்பாலானவையோ உயர்தர மாணவரைத் தேடிப் போகின்றன. கணிதப் பிரிவை ஏற்கெனவே தெரிவுசெய்துவிட்ட பிள்ளையிடம் போய், கணிதப் பிரிவைத் தெரிவுசெய் என்கிறோம்.

யார் வருகிறார்கள், என்ன கொண்டுவருகிறார்கள்

இதைச் சொல்லும்போது நல்ல முயற்சிகளைக் குறைத்துப் பேசுவதாக எடுக்க வேண்டாம். தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடப்பவற்றில் எனக்கு அதிகம் மதிப்புள்ளது மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் நடத்திவரும் முன்னோடிப் பரீட்சை. உயர்தரப் பரீட்சைக்கு முன்னதாக, அதே அமைப்பில் தமிழில் வினாத்தாள் தயாரித்து, பல மாவட்டங்களில் நிலையங்கள் வைத்துப் பரீட்சை நடத்தி, தாங்களே திருத்தியும் கொடுக்கிறார்கள். விடைகளோடு வினாத்தாள்கள் இணையத்தில் சுற்றுகின்றன. மூன்று வருடத்துக்கு முன்பு இதே பரீட்சையை எழுதிய ஒருவர் இன்று அதைத் திருத்துகிறார். அரசியல்வாதி இல்லை, பொன்னாடை இல்லை. தமிழ்மொழி மூலம் கணிதப் பிரிவு படிக்கும் பிள்ளைக்கு, எதிர்காலப் பரீட்சையின் கடினத்தை முன்கூட்டியே தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் அரிய சந்தர்ப்பம் அது. பேச்சாக வந்து போகாமல் வேலையாகவும் வருடாவருடமும் நடப்பதுதான் அதன் பலம். எல்லை என்னவென்றால், அது ஏற்கெனவே கணிதப் பிரிவுக்குள் வந்துவிட்ட பிள்ளைக்கானது.

இன்னொரு வகை, கையால் செய்து பார்க்க விடுவது. மட்டக்களப்பில் இயங்கும் ட்ரீம்ஸ்பேஸ் அகடமி என்ற சமூகப் புத்தாக்க நிலையம், இளையவர்களை உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து அதற்கு ஒரு கருவியோ தீர்வோ செய்து பார்க்கச் சொல்கிறது. பரீட்சைப் புள்ளி அங்கு முதற்கேள்வி அல்ல. இந்தியாவில் நிதி ஆயோக் 2016 இலிருந்து பாடசாலைகளில் அடல் டிங்கரிங் ஆய்வுகூடங்கள் என்று பத்தாயிரம் வரையில் அமைத்தது. அதிலும் பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, அது ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குவதை. எமது நாட்டில் மகிந்தோதய ஆய்வுகூடங்கள் என்று ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகளுக்குக் கட்டடம் கொடுத்தார்கள். கட்டடம் வந்தால் ஆசிரியரும் வந்துவிடுவார் என்று நினைப்பது எமது பழைய நோய்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2009 இல் தொடங்கிய அஸ்பயர்ஸ் என்ற நீண்டகால ஆய்வு, பத்து வயதிலிருந்து பிள்ளைகளைத் தொடர்ந்து கேட்டுவந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் பிடிக்கும் என்பதும், பிடித்தாலும் தாம் விஞ்ஞானத் துறைக்குப் போவதாக அவர்கள் நினைப்பதில்லை என்பதும் அதில் வெளிப்பட்டன. 'நல்ல பாடம், ஆனால் எனக்கானது அல்ல.' யார் போகிறார்கள் என்பதை, வீட்டிலோ சுற்றத்திலோ அந்தத் துறையில் ஒருவர் இருக்கிறாரா என்பது பெருமளவு தீர்மானிக்கிறது. மண்முனைப் பாலம் பற்றிக் கேட்ட பிள்ளை இதைத்தான் கேட்டாள். நம்மட ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?

இருந்தார்கள் என்பதைக்கூட நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரை ஒவ்வொரு பாடசாலையிலும் படமாக வைத்திருக்கிறோம். அவர் கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியில் படித்து 1916 இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றவர், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர், யாழ் நூலில் நரம்புகளின் நீளத்தையும் சுருதியையும் கணக்குப் போட்டுக் காட்டியவர் என்பதை எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்? அதேபோல, அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948 இல் வந்து, புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பழக்கி, பின்னர் ஈ.ரி.ஐ. என்று ஊரவர் அழைக்கும் தொழினுட்ப நிறுவனத்தை நடத்தி இளைஞர்களுக்குக் கைத்தொழில் பழக்கிய இயேசுசபைத் துறவி ஹேபர்ட் அடிகளார். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவரும் கூடச் சென்ற இளைஞரும் காணாமற்போனார்கள். போர் எம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் வழிகாட்டக்கூடியவர்களும் அடக்கம்.

பாதை எவ்வளவு பாரம் தாங்கும்?

கருத்தரங்குக்கு இரண்டு மாதம் கழித்து அதே இளைஞரைத் தொலைபேசியில் பிடித்து, அந்தப் பிள்ளையின் கேள்வியை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "அக்கா, அண்டைக்கு இரவு முழுக்க அதைத்தான் யோசிச்சன்" என்றார். விடுமுறைக்கு ஊர் வந்தபோது அதே பாடசாலைக்கு மீண்டும் போனார், தனியாக, திரையும் படங்களும் இல்லாமல். நானும் போனேன். இந்த முறை தரம் 9, 10 மட்டும். முப்பது பிள்ளைகள் இருக்கும்.

கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைந்தார். "இது பாதை. அடி தட்டையான பெட்டி எண்டு வைப்பம். எட்டு மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலம். எத்தனை பேர் ஏறலாம்?"

ஐம்பது, நூறு என்று சத்தம். அவர் மெதுவாகக் கணக்கைப் போட்டார். பரப்பு 32 சதுர மீற்றர். பாதை ஒரு சென்ரிமீற்றர் கீழே இறங்கினால் அது ஒதுக்கும் தண்ணீர் 0.32 கன மீற்றர். அதன் எடை 320 கிலோ. அப்படியென்றால் ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஐந்து பெரியவர்கள். பாதையின் விளிம்பு தண்ணீருக்கு மேல் முப்பது சென்ரிமீற்றர் தெரிகிறதென்றால், நூற்றைம்பது பேர் ஏறும்போது விளிம்பும் தண்ணீரும் ஒரே மட்டம். சாதாரண தரப் புத்தகத்தில் மேலுதைப்பு என்று படிப்பது இதுதான்.

"அப்ப நூறு பேர் ஏறினா பிரச்சினை இல்லையா அண்ணா?" என்றான் ஒரு பையன்.

"நூறு பேரும் அப்படியே நடுவில அசையாம நிண்டா" என்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியைத் தண்ணீர் வாளியில் மிதக்கவிட்டு, கற்களை நடுவில் வைத்தார். நின்றது. அதே கற்களில் பாதியை ஒரு ஓரத்துக்குத் தள்ளினார். கவிழ்ந்தது. மொத்தப் பாரம் மாறவில்லை, இருந்த இடம் மாறியது. பிள்ளைகள் வாளியைச் சுற்றி எழுந்து வந்துவிட்டார்கள்.

அங்கே யாரும் குறிஞ்சாக்கேணியின் பெயரைச் சொல்லத் தேவைப்படவில்லை. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவில், பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், மாற்றாக ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்ததைக் கிழக்கில் எல்லோரும் தொலைபேசியில் பார்த்தார்கள். பாதையில் எத்தனை பேர் ஏறலாம், எந்தப் பக்கம் நிற்க வேண்டும், விளிம்பில் கம்பி வேண்டுமா, அதை யார் பரிசோதிக்க வேண்டும் என்பதெல்லாம் பொறியியல். புர்ஜ் கலீஃபாவுக்குத் தேவைப்படும் அதே பௌதிகவியல்.

அந்த வகுப்பில் அடுத்த கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வந்தது. முகத்துவாரம். மாரி பலமாகப் பெய்தால் வாவி நிரம்பி வயல்களை மூடும். விவசாயிகள் பாலமீன்மடுவில் மணல் திட்டை வெட்டிக் கடலுக்கு வழிவிடச் சொல்வார்கள். மீனவருக்கோ வெட்டும் நேரமும் அளவும் வாழ்வுப் பிரச்சினை. தண்ணீர் வேகமாக இறங்கினால் மீனும் இறாலும் போய்விடும், உவர்த்தன்மை மாறும். வெட்டிய வாயைக் கடல் அலை மணலால் மீண்டும் மூடும். எந்த மட்டத்தில் வெட்டுவது, எவ்வளவு அகலம், எப்போது? வகுப்பில் வயல்காரப் பிள்ளையும் தோணிக்காரப் பிள்ளையும் உண்மையாகவே சண்டை பிடித்தார்கள். ஒரு பொறியியற் கூட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல ஒத்திகையை நான் கண்டதில்லை.

அம்மா கேட்டது

மண்முனைக் கேள்வியைக் கேட்ட பிள்ளையின் வீட்டுக்கு ஒரு பின்னேரம் போனேன். அவளுடைய அப்பா வயற்கூலி. அம்மா வீட்டோடு சின்னக் கடை வைத்திருக்கிறார். தேநீர் தந்துவிட்டு அவர் கேட்டவை ஒன்றுக்கும் கருத்தரங்கில் பதில் இல்லை.

"என்ஜினியர் எண்டா நல்லம்தான் தங்கச்சி. பொம்புளப் புள்ள, நாலு வருசம் ஆரு ஊட்ட விடுற? மறுகா படிச்சு முடிச்சும் வேல இல்லாட்டி?"

அவருடைய பயம் அறியாமை அல்ல. 2022 நெருக்கடிக்குப் பிறகு பட்டம் முடித்தவர்கள் நாட்டை விட்டுப் போவதை அவரும் பார்க்கிறார். கலைப் பட்டம் எடுத்து அரச நியமனத்துக்காக வருடக்கணக்கில் காந்தி பூங்காவில் போராட்டம் செய்தவர்களையும் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. விடுதி உண்டு. மகாபொல புலமைப்பரிசில் உண்டு, கிடைக்காதவருக்கு வருமானத்தைப் பார்த்து உதவுதொகை உண்டு. மகாபொல என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருந்தார், அது தனது மகளுக்கும் பொருந்தும் என்று நினைக்கவில்லை.

கணிதப் பிரிவில் சறுக்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் அவருடைய பயம். அது சரியல்ல. உயர்தரத் தொழினுட்பப் பிரிவு 2013 இல் அறிமுகமானது. அதில் பொறியியல் தொழினுட்பம் எடுத்துப் பல்கலைக்கழகப் பட்டம் வரை போகலாம். அந்தப் பட்டம் பொறியியலாளர் பட்டம் அல்ல, தொழினுட்பவியலாளர் பட்டம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு தெரியவரும்போது பிள்ளை ஏமாந்ததாக உணரும். உயர்தரக் கணிதப் பிரிவில் வெட்டுப்புள்ளி தவறியவர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப நிறுவகத்தில் என்.டி.ரி. டிப்ளோமாவுக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே பொறியியல் பட்டம் எடுக்கலாம். மட்டக்களப்பில் அதற்கு நிலையம் உண்டு, காலம்தான் நீளும். சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளை மஞ்சந்தொடுவாய் தொழினுட்பக் கல்லூரி போன்ற இடத்தில் தொடங்கி என்.வி.கியூ. படிகளில் ஏறலாம். ஏழாம் படி பட்டம், இரத்மலானையிலுள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில். இவற்றில் எதுவும் இலகுவான குறுக்குவழி அல்ல. ஆனால் இவை இருக்கின்றன என்பதை ஒரு தாயின் முற்றத்தில் இருந்து சொல்ல யாரும் போவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேச அரை மணித்தியாலம் போதும்.

அந்த இளைஞரோடு அதன் பிறகும் பேசினேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் அதே பாடசாலைக்கு, அதே வகுப்புக்குப் போவதாகத் தீர்மானித்திருக்கிறார். ஊரில் வேறு பாடசாலைகளும் கேட்கின்றன. பத்துப் பாடசாலைக்கு ஒருமுறை போவதா, ஒரு பாடசாலைக்குப் பத்துமுறை போவதா என்று என்னிடம் கேட்டார். நான் இரண்டாவது என்றேன். அவர் பீடத்து நண்பர்கள் சிலரிடமும் தத்தம் ஊர்ப் பாடசாலை ஒன்றை எடுக்கச் சொல்லியிருக்கிறார். இருவர் ஓம் என்றார்கள். மற்றவர்கள் செமஸ்டர் முடியட்டும் என்றார்கள்.

புறப்படும்போது அந்தப் பிள்ளை தனது கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். பாதைக் கணக்கைத் திரும்பச் செய்திருந்தாள், இந்த முறை மோட்டார்சைக்கிள்களோடு. அம்பிளாந்துறைப் பாதையில் போன மாமாவிடம் நீள அகலம் கேட்டு எழுதியதாம். ஓரிடத்தில் பெருக்கல் பிழைத்திருந்தது. யாரிடம் திருத்தலாம் என்று என்னைக் கேட்டாள்.

"உங்கட கணித டீச்சரிட்ட காட்டுங்களன்" என்றேன்.

"டீச்சர் மாற்றலாகிப் போய் ரெண்டு மாசம் அக்கா. இன்னும் ஆரும் வரல்ல."